ராஜாவைப் பார்த்துப் போட்ட கூச்சல்: ‘செக்’ என்ற சொல் வந்த வழி

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மென்பொருளின் திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கித் தரும் வேலை கைக்கு வந்தது. ஒரு எக்செல் கோப்பு. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் காலி. 41ஆம் வரியில் ஒரே ஒரு சொல் நின்றது: செக். முன்னும் பின்னும் எதுவும் இல்லை. எந்தத் திரையில் வருகிறது, அது பொத்தானா தலைப்பா, யார் கண்ணில் படப்போகிறது, ஒன்றும் தெரியாது.

‘சரிபார்’ என்று எழுதலாம். காசோலையாகவும் இருக்கலாம். டிக் அடிக்கச் சொல்கிறதோ என்னவோ. எழுதியவர் அமெரிக்கர் என்றால் சாப்பிட்டு முடித்ததும் மேசைக்கு வரும் பில்லாகவும் இருக்கலாம். துணி விற்கிற மென்பொருள் என்றால் கட்டம் போட்ட டிசைன். உள்ளே சதுரங்க ஆட்டம் ஏதாவது இருந்தால் ராஜாவுக்கு வைக்கும் செக். விளக்கம் கேட்டு மின்னஞ்சல் போட்டுவிட்டு, பதில் வரும்வரை அகராதியை மேய்ந்துகொண்டிருந்தேன்.

அகராதியில் இந்தச் சொல்லுக்குக் கீழே பொருள்கள் 1, 2, 3 என்று வரிசைகட்டி நிற்கும். எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்ந்த மாதிரியும், ஒன்றுக்கொன்று தெரியாதவர்கள் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிற மாதிரியும் தோன்றும். உண்மையில் இவை ஒரே குடும்பம். நாம் அதிகம் புழங்குகிற ‘சரிபார்’ அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்த பிள்ளை. மூத்தது சதுரங்கம். ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் நுழைந்ததே சதுரங்கப் பலகையின் வழியாகத்தான். காசோலை, சட்டைக் கட்டம், விமான நிலையத்தில் ‘செக்-இன்’, மருத்துவரிடம் ‘செக்கப்’ எல்லாவற்றுக்கும் மூலம், ஆட்டத்தில் ஒருவர் எதிராளியைப் பார்த்துப் போட்ட ஒரு கூச்சல்.

அந்தக் கூச்சல்: “ஷா!”

பாரசீக மொழியில் ஷா என்றால் அரசன். 1979 புரட்சியில் பதவி இழந்த ஈரான் மன்னருக்கு இருந்ததும் அதே பட்டம்தான். சொல்லின் பழைய உருவத்தைக் கல்லிலேயே பார்க்கலாம். மேற்கு ஈரானில் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் முதலாம் டேரியஸ் மன்னன் கி.மு. 520 வாக்கில் மூன்று மொழிகளில் வெட்டிவைத்த கல்வெட்டில், பழம்பாரசீகப் பகுதி அவனை ‘க்ஷாயதிய’ என்கிறது. மன்னர்களின் மன்னன் என்று அவன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் அதே சொல் இரண்டு முறை அடுக்கி வரும். பிற்காலத்து ‘ஷாஹன்ஷா’ அந்த அடுக்கின் தேய்ந்த உருவம். இந்த க்ஷாயதியவின் வேரும், வடமொழியில் ஆட்சியைக் குறிக்கும் ‘க்ஷத்ர’வின் வேரும் ஒன்று. அப்படிப் பார்த்தால் ஷாவும் நாம் சத்திரியன் என்று எழுதுகிறோமே, அதுவும் பங்காளிகள்.

ஆட்டம் இந்தியாவிலிருந்து போனது. யானை, தேர், குதிரை, காலாள் என்று படைக்கு நான்கு அங்கம், அதனால் சதுரங்கம். 7ஆம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷசரிதத்தில் ஒரு சிலேடை வருகிறது: ஹர்ஷனின் ஆட்சியில் சதுரங்கத்துக்கு வேலை அஷ்டாபதப் பலகையில் மட்டும்தான். படை திரட்டிப் போர் இல்லை, குற்றவாளியின் நான்கு அங்கங்களை வெட்டும் தண்டனையும் இல்லை என்று பொருள். அஷ்டாபதம் என்பது எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்ட பலகை. சிலேடை எடுபட வேண்டுமானால் கேட்பவர்களுக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டுமே. ஆக, அப்போதே அது பழகிய ஆட்டம்.

பாரசீகத்தில் அது சத்ரங் ஆனது. அங்கிருந்து அரபுக்குப் போனது. அரபில் ‘பச்சை’யில் வருகிற ச்ச ஒலி கிடையாது, ‘அங்கம்’ என்பதில் வருகிற மெல்லிய க ஒலியும் கிடையாது. எனவே ஷத்ரஞ்ஜ். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்களான மூர்களின் ஆட்சியில் இருந்த ஐபீரியத் தீபகற்பம் அந்தப் பெயரை அப்படியே வாங்கிக்கொண்டது: ஸ்பானியத்தில் அஹெத்ரேத், போர்ச்சுகீசியத்தில் ஷத்ரேஸ். காது கொடுத்துக் கேட்டால் உள்ளே சதுரங்கம் இன்னும் ஒலிக்கும்.

ஐரோப்பாவின் மற்ற பகுதிகள் செய்த காரியம்தான் விசித்திரம். ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, ஆடும்போது போடுகிற சத்தத்தை ஆட்டத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். கபடிக்கு அந்தப் பெயர் எதனால் என்று நமக்குப் புரியவைக்கத் தேவையில்லை, அதே கதை. ஜெர்மனில் ஷாஹ், இத்தாலியனில் ஸ்காக்கி, ரஷ்யனில் ஷாஹ்மதி. கடைசியாகச் சொன்னதில் ‘ஷா மாத்’ முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

சத்தம் எதற்கு? சதுரங்கத்தில் எந்தக் காயையும் சொல்லாமல் வெட்டலாம். ராஜாவை மட்டும் வெட்டுவதில்லை; மாட்டவைப்பதோடு ஆட்டம் முடிந்துவிடும். எதிராளி கவனிக்காமல் இருந்துவிட்டால் ஆட்டம் அசட்டுத்தனமாக முடிந்துபோகும் என்பதால், ராஜா தாக்குதலில் இருக்கிறார் என்று வாய்விட்டு எச்சரிப்பது மரபு. “ராஜா!” என்றால் ‘உன் ராஜாவைப் பார்’ என்று அர்த்தம். தப்பிக்க வழியே இல்லை என்றால் “ஷா மாத்”. இதுதான் செக்மேட். ‘ராஜா இறந்தார்’ என்று இதற்குப் பொருள் சொல்வார்கள், அரபில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பதால். எனக்கு அது ஒட்டவில்லை. பாரசீகத்திலேயே ‘மாத்’ என்றால் திகைத்துப்போன, செய்வதறியாத நிலை. பலகையில் நடப்பதும் அதுதானே. ராஜா சாவதில்லை, நகர இடமில்லாமல் நிற்கிறார்.

ஷாவை லத்தீன்காரர்கள் ‘ஸ்காக்குஸ்’ ஆக்கினார்கள். அது பழைய பிரெஞ்சுக்கு வந்தபோது முன்னால் ஒரு எகரம் சேர்ந்தது: எஸ்செக். சொல்லின் தொடக்கத்தில் ‘ஸ்’ஸும் இன்னொரு மெய்யும் சேர்ந்து வந்தால் அந்த நாக்குக்கு ஏறாது. ஸ்கூலை இஸ்கூல் என்றும், ஸ்டேஷனை இஸ்டேஷன் என்றும் சொல்லிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆங்கிலேயர்கள் அந்த எகரத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒருமை வடிவத்திலிருந்து ‘செக்’ வந்தது, பன்மை வடிவத்திலிருந்து ‘செஸ்’ வந்தது. இன்று இரண்டும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள். பிறப்பில் ஒரே சொல்லின் ஒருமையும் பன்மையும்.

14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய ஒரு நீண்ட கவிதையில், கறுப்புடை அணிந்த ஒருவன் விதியோடு சதுரங்கம் ஆடித் தோற்ற கதையைச் சொல்கிறான். விதி அவனுடைய ராணியைப் பிடித்துக்கொண்டு ‘செக்’ என்கிறது, பிறகு ‘மேட்’. ஆங்கில இளவரசர் ஜான் ஆஃப் கான்ட் தன் மனைவி பிளான்ச்சை 1368இல் இழந்த துக்கத்தை ஒட்டி எழுந்த கவிதை அது. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்ககால வாழ்க்கையிலேயே ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் இழப்பைச் சொல்ல அது பயன்பட்டிருக்கிறது.

கையை நிறுத்துவது

ஆட்டத்தில் செக் வாங்கியவரின் நிலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மூன்று நகர்வுக்குத் திட்டம் போட்டு வைத்திருக்கிறார். குதிரையின் தலையில் விரல் போய்விட்டது. எதிரே இருப்பவர் மந்திரியைக் குறுக்கே நகர்த்திவிட்டு “செக்” என்கிறார். விரல் பின்வாங்குகிறது. ராணியே வெட்டுப்படும் நிலையில் இருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது; முதலில் ராஜாவுக்கு வழி பார்த்தாக வேண்டும். போட்ட திட்டம் அப்படியே நிற்கும்.

சொல்லின் அடுத்த பொருள் முழுக்க அந்தப் பின்வாங்கிய விரலில் இருக்கிறது. போய்க்கொண்டிருந்த ஒன்றைத் திடீரென நிறுத்துவது, முட்டுக்கட்டை, கண்டிப்பு, அடக்குவது என்று வரிசையாகக் கிளைத்தது. கோபத்தை அடக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘செக்’ என்பார்கள். ஐஸ் ஹாக்கியில் எதிராளியின் மேல் உடம்பால் மோதித் தடுப்பதும் ‘செக்’தான். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசும் எவரும் ‘செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்’ என்ற தொடரைத் தாண்டிப் போக முடியாது. நாடாளுமன்றம் இயற்றுவதைக் குடியரசுத் தலைவர் நிறுத்திவைக்கலாம், இருவர் செய்வதையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்ற ஏற்பாடு அது. சரிபார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருவர் கையை இன்னொருவர் நிறுத்துவதுதான் அங்கே பேச்சு. தமிழில் இதைச் ‘சரிபார்ப்பும் சமநிலையும்’ என்று பெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தொடரின் உயிரே போய்விட்டது. ‘தடையும் சமனும்’ என்றால் நிற்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். அவர்களுடைய ‘எஷெக்’ இன்று ஒருமையில் தோல்வி, பன்மையில் சதுரங்கம். ‘பேச்சுவார்த்தை தோல்வி’ என்று தலைப்புப் போடவேண்டுமானால் பாரசீக ராஜாவைத்தான் கூப்பிடவேண்டும்.

இந்த இடத்தில் நம் பேச்சுவழக்கையும் சொல்லியாக வேண்டும். அரசியல் செய்திகளில் ‘அவருக்கு இவர் செக் வைத்தார்’ என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இன்று அப்படி அவ்வளவாகச் சொல்லமாட்டார்கள். சொல்லின் மூத்த பொருளைப் பலகையோடு சேர்த்து நாம்தான் அன்றாடப் புழக்கத்தில் வைத்திருக்கிறோம்.

தடுப்பதிலிருந்து சரிபார்ப்பதற்கு எப்படி வந்தது? கணக்குப்பிள்ளை ஒருவர் எழுதுகிறார். அவர் கை நீளாமல் இருக்க இன்னொருவர் அதே கணக்கைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் முதலாமவர் கை அடங்கும். அடக்குவதற்கான வழியே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என்று ஆனபின், சொல் மெல்ல அடக்குவதை விட்டு ஒப்பிடுவதைப் பிடித்துக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில்தான் சரிபார்ப்பது என்ற பொருள் ஊன்றுகிறது. ‘கன்ட்ரோல்’ என்ற சொல் இதே சாலையில் எதிர்த்திசையில் வந்தது. அது பழைய பிரெஞ்சில் ‘எதிர்ச்சுருள்’, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் இரண்டாவது கணக்குச் சுருள். சரிபார்ப்பதில் தொடங்கி அடக்குவதில் வந்து முடிந்தது. இரண்டு சொற்களும் நடுவழியில் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்திருக்கும்.

கட்டம் போட்ட மேசை

இதுவரை சொன்னது கூச்சலின் வழி. பலகையின் வழி தனி. அது இன்னும் ருசியானது.

இங்கிலாந்தில் நிதி அமைச்சருக்கு இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றுதான் பெயர். எக்ஸ்செக்கர் என்பது அரசுக் கருவூலம்; சொல்லுக்கு நேர்ப்பொருள் சதுரங்கப் பலகை. பழைய பிரெஞ்சில் எஸ்செக்கியர், லத்தீனில் ஸ்காக்காரியம். ஆங்கிலச் சொல்லின் தலையில் இருக்கும் ‘எக்ஸ்’ படித்தவர்கள் செய்த பிழை. இஸ்கூலில் வருகிற ‘இ’ போல ஒட்டிக்கொண்ட எகரத்தை லத்தீனின் ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டு சிதைந்ததாக நினைத்துத் ‘திருத்தி’ எழுதிவிட்டார்கள்.

கருவூலத்துக்குப் பலகையின் பெயர் ஏன்? 12ஆம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், எக்ஸ்செக்கர் நடைபெறும் விதத்தைக் குருவும் சீடனும் பேசிக்கொள்கிற பாணியில் லத்தீனில் எழுதி வைத்தார். தேம்ஸ் நதியோரக் கோபுரத்தின் சன்னலருகே உட்கார்ந்திருக்கும்போது பேச்சு தொடங்குவதாக அமைப்பு. சீடன் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, எக்ஸ்செக்கர் என்றால் என்ன என்பது. குரு மேசையின் அளவைச் சொல்கிறார்: சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகலம், மேலே வைப்பது உருண்டு விழாதபடி சுற்றிலும் நாலு விரல் உயர விளிம்பு. அதன்மேல் கறுப்புத் துணி. துணியில் ஓரடி அல்லது விரித்த கையளவு இடைவெளியில் கோடுகள். பெயர்க் காரணம் கேட்டால், சதுரங்கப் பலகையைப் போல இருப்பதால் என்பதைத் தவிர வேறு நல்ல காரணம் தோன்றவில்லை என்கிறார். ஆட்டத்தில் இரண்டு ராஜாக்களுக்குச் சண்டை. இங்கே பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் சண்டை, மற்றவர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

ஷெரிஃப் என்பவர் மாவட்டத்தில் மன்னருக்காக வரி வசூலிப்பவர். ஆண்டுக்கு இரண்டு முறை, ஈஸ்டருக்கும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல் திருநாளுக்கும், வந்து கணக்குக் காட்டவேண்டும். எழுத்தில் இருந்தது ரோமன் எண்கள். கூட்டுவதே பாடு, கழிப்பது தலைவலி. அதனால் எண்ணை எழுதிக் கழிக்காமல் துணியில் வில்லைகளை அடுக்கிக் கழித்தார்கள். வலது ஓரப் பத்தி பென்னிக்கு. அடுத்தது ஷில்லிங், அடுத்தது பவுண்டு, பிறகு இருபது இருபது பவுண்டாக, பிறகு நூறு, பிறகு ஆயிரம்.

உதாரணத்துக்கு, ஷெரிஃப் கட்டவேண்டியது 243 பவுண்டு 15 ஷில்லிங் 8 பென்னி என்று வைத்துக்கொள்வோம். நூறில் இரண்டு வில்லை, இருபதில் இரண்டு, பவுண்டில் மூன்று, ஷில்லிங்கில் பதினைந்து, பென்னியில் எட்டு. அவர் கொண்டுவந்தது 180 பவுண்டு. கீழ் வரிசையில் நூறில் ஒன்று, இருபதில் நான்கு. இப்போது கழிக்கவேண்டும். நூறில் ஒன்றுக்கு ஒன்று போய் மேலே ஒன்று மிஞ்சும். இருபதில் மேலே இரண்டுதான், கீழே நான்கு. மிஞ்சிய நூறு வில்லையை எடுத்துவிட்டு இருபதுப் பத்தியில் ஐந்து வில்லை வைத்தால் ஏழு ஆகும். நாலு போக மூன்று. பாக்கி 63 பவுண்டு 15 ஷில்லிங் 8 பென்னி. எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃபும் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒவ்வொரு வில்லையும் நகர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கலாம். ‘என்னை ஏமாற்றிவிட்டார்கள்’ என்று பிறகு சொல்ல முடியாது. நீதியும் சிக்கனமும் ஒரே துணியில் கிடந்தன என்று தோன்றுகிறது.

கட்டிய பணத்துக்கு ரசீது மரக்குச்சி. வெட்டுக்குறி போட்டுவிட்டு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைத் தடிமன் வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு, பென்னிக்கு மரம் பெயராமல் ஒரு கீறல். பிறகு இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்த்தால் வெட்டுகள் பொருந்தவேண்டும். இந்தக் குச்சிமுறை 1826 வரை உயிரோடு இருந்தது என்றால் நம்பக் கடினம்தான். 1834 அக்டோபர் 16 அன்று, இனி வேண்டாம் என்று கழித்த குச்சிகளை வண்டிவண்டியாகப் பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ புகைபோக்கியில் பிடித்து வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி சாம்பலானது.

காசோலைக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணத்தாள்கள் சம்பந்தமாக ‘செக்’ என்றால் அடிக்கட்டை. கிழித்துக் கொடுக்கிற தாளுக்கு அல்ல, புத்தகத்தில் தங்குகிற மிச்சத்துக்குத்தான் அந்தப் பெயர். போலித் தாளை எவனாவது கொண்டுவந்தால் அடிக்கட்டையோடு ஒட்டிப் பார்த்துத் தடுக்கலாம். தடுப்பது, ஒப்பிடுவது இரண்டும் இங்கே ஒரே செயல். பிளந்த குச்சியின் வேலையைக் கிழித்த காகிதம் எடுத்துக்கொண்டது என்றும் சொல்லலாம். பிறகு பெயர் மெல்ல அடிக்கட்டையை விட்டுக் கிளம்பி, கிழித்துக்கொண்டு போகிற தாளோடு போய்விட்டது. 1659 தேதியிட்ட, 400 பவுண்டுக்குக் கையால் எழுதிய ஒரு ஆங்கிலக் காசோலை இன்றும் இருக்கிறது. அதை எழுதியவருக்கு அது ‘செக்’ என்று தெரியாது.

பிரிட்டனில் இந்தச் சொல்லைக் ‘கியூ’ எழுத்துப் போட்டு வேறு மாதிரி எழுதுவார்கள், அமெரிக்காவில் சாதாரண ‘செக்’ மாதிரியே எழுதுவார்கள். கியூ வந்தது எக்ஸ்செக்கரின் சாயல். 1828இல் வங்கித் தொழில் பற்றிப் புத்தகம் எழுதிய ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட், வேறு பொருளோடு குழம்பாது என்பதற்காக அந்த எழுத்துக்கூட்டலைத் தேர்ந்துகொண்டார். அவர் 41ஆம் வரியைப் பார்த்திருந்தால் என் கஷ்டம் புரிந்திருக்கும். எனக்கு வந்த கோப்பு அமெரிக்கக் கோப்பு.

காசோலையைக் குறிக்கும் ‘செக்’ என்ற சொல், பணத்துக்கான எழுத்துச் சீட்டைக் குறிக்கும் அரபு ‘ஸக்’கிலிருந்து வந்தது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. ஸக் கற்பனை இல்லை. 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சஹாராவின் தென்விளிம்பில் இருந்த அவ்தகுஸ்த் நகரில் 42,000 தினாருக்கான ஒரு ஸக்கைத் தான் கண்டதாக எழுதியிருக்கிறார். ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. ஆனாலும் நான் நம்பவில்லை. ஆங்கிலச் சொல் பணத்தாளாகப் பிறக்கவில்லை, அடிக்கட்டையாகப் பிறந்தது. ஸக் ஒருநாளும் அடிக்கட்டை இல்லை. ஒலி ஒற்றுமையை நம்பினால் எண்ணெய் ஆட்டுகிற செக்கையும், பிராக்கைத் தலைநகராகக் கொண்ட செக் நாட்டையும்கூட இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடலாம். செக்கு தமிழ்ச் சொல். அந்த நாட்டின் பெயர் ஸ்லாவிய இனப்பெயர். இரண்டுக்கும் பாரசீக ராஜாவைத் தெரியாது.

துணியில் வரும் கட்டம், கார் பந்தயத்தில் ஓட்டத்தை முடித்துவைக்கும் கறுப்பு வெள்ளைக் கொடி, அமெரிக்கர்கள் ‘செக்கர்ஸ்’ என்று சொல்கிற இன்னொரு பலகை ஆட்டம், இவை எல்லாம் நேரே பலகையின் பிள்ளைகள். விளக்க ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் பிரதமர்கள் 1921 முதல் வார இறுதியில் போய்த் தங்கும் பக்கிங்ஹாம்ஷயர் மாளிகைக்குச் ‘செக்கர்ஸ்’ என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் அந்த நிலம் எக்ஸ்செக்கரின் வாயில் அதிகாரி ஒருவரிடம் இருந்ததால் வந்த பெயர் என்பது பெரும்பாலோர் சொல்லும் காரணம்.

அமெரிக்கக் கிளையில் அடையாள வில்லைக்கும் செக் என்று பெயர். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாங்குகிற எண் போட்ட வில்லை, சாப்பிட்ட கணக்கு எழுதிய சீட்டு இரண்டும் அந்த வகை. பேஸ்பால் ஆட்டம் மழையில் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்கச் செல்லுபடியாகும் சீட்டு ‘ரெயின் செக்’. 1880களில் மைதானத்தில் தொடங்கிய அது, இன்று விருந்துக்குக் கூப்பிட்டால் ‘பிறகு பார்க்கலாம்’ என்று நழுவுவதற்கான சொல். போக்கர் சீட்டாட்டத்தில் பணம் கட்டாமல் முறையைத் தள்ளிவிடுவதும் செக். பெர்லினில் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே எல்லைச் சாவடியாக இருந்து, 1961க்குப் பிறகு உலகப் புகழ்பெற்ற ‘செக்பாயின்ட் சார்லி’யில் சார்லி ஒரு ஆள் இல்லை, ஏ, பி, சி வரிசையில் மூன்றாவது எழுத்துக்கு ராணுவ வானொலியில் சொல்லும் பெயர். செக்பாயின்டில் தடுப்பதும் சரிபார்ப்பதும் மறுபடி ஒன்றாக நிற்கின்றன. முதலில் நிறுத்துவார்கள், பிறகு தாளைப் பார்ப்பார்கள்.

இப்படிப் பிரிந்த பொருள்கள் ஒரே இடத்தில் கூடுவதைப் பார்க்க ஆசைப்பட்டால், கையில் இருக்கிற ஏதாவது ஒரு புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்புங்கள். 13 இலக்க எண் இருக்கும். கடைசி இலக்கத்துக்குச் ‘செக் டிஜிட்’ என்று பெயர். முதல் 12 இலக்கங்கள் 9, 7, 8, 0, 3, 0, 6, 4, 0, 6, 1, 5 என்று இருந்தால் அவற்றை மாற்றி மாற்றி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்க வேண்டும்: 9, 21, 8, 0, 3, 0, 6, 12, 0, 18, 1, 15. கூட்டினால் 93. அடுத்த பத்தின் மடங்கு 100. அதற்கு 7 வேண்டும். ஆக கடைசி இலக்கம் 7. தட்டச்சும்போது ஏதாவது ஓர் இலக்கம் பிசகினால் கூட்டல் பத்தின் மடங்கில் முடியாது, கருவி ஏற்க மறுக்கும். எக்ஸ்செக்கர் மேசைக்காரர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். பத்திபத்தியாக எண், பொருந்தாவிட்டால் தடை.

ஆனால் எல்லாவற்றையும் பிடிக்காது. மேலே உள்ள எண்ணில் 10, 11ஆம் இடங்களில் வரும் 6, 1 இரண்டையும் இடம் மாற்றித் தட்டுங்கள். 18, 1 இருந்த இடத்தில் 3, 6 வரும். கூட்டுத்தொகை 83 ஆகும். கடைசி 7 சேர்ந்தால் 90. கருவி வாயைத் திறக்காது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களுக்கு இடையே வித்தியாசம் 5 என்றால் இந்தக் காவலன் தூங்கிவிடுவான்.

என் மின்னஞ்சலுக்குப் பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. பணம் செலுத்தும் வழிகளைக் காட்டும் திரையாம். கார்டுக்குக் கீழே, ரொக்கத்துக்கு மேலே. ‘காசோலை’ என்று அடித்துவிட்டுக் கீழே நகர்ந்தேன். 212ஆம் வரியில் மறுபடியும் செக், தனியாக.